ஜம்பைப் பாறையும் ஔவையின் பாடல்களும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் நெல்லிக்கனி இடம்பெறாத கவியரங்கம் தமிழ்நாட்டில் அரிது. வள்ளன்மையைப் பாட எழும் கவிஞர் பாரியின் தேரையும் பேகனின் போர்வையையும் தொட்டுவிட்டு இறுதியில் இந்தக் கனிக்கே வந்து சேர்வார். நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களும் இதற்கு விலக்கல்ல. ஆயினும், அப்படி ஒருவன் மெய்யாகவே வாழ்ந்தானா, வாழ்ந்தான் எனில் எக்காலத்தில், பாடலுக்கு வெளியே அதற்குச் சான்று யாது என்று வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டால் விடை சொல்லச் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. 'புலவர் பொய் சொல்வாரோ' என்பது விடையாகாது. 'பாட்டு வேறு, வரலாறு வேறு' என்று கைகழுவுவதும் விடையாகாது.

இலக்கியத்தையும் வரலாற்றையும் அருகருகே வைத்துக் கற்பதில் இவ்விரண்டு போக்குகளும் நம்மிடையே வலுவாக இருக்கின்றன. பாடலில் வந்ததெல்லாம் நடந்தது என்று கொள்வோர் ஒருபுறம். கல்லில் வெட்டப்படாததெல்லாம் கற்பனை என்று ஒதுக்குவோர் மறுபுறம். இவ்விரு சாராரையும் ஒருசேர நிறுத்தி விசாரிக்கத் தக்க ஒரு சான்று உண்டு. அது தென்பெண்ணைக் கரையிலுள்ள ஜம்பை என்னும் சிற்றூரின் பாறையில் இருக்கிறது. அதை அணுகுமுன் நெடுந்தொலைவு வடக்கே சென்று வர வேண்டும்.

அசோகன் சொன்ன நான்காம் பெயர்

மௌரியப் பேரரசன் அசோகன் ஏறத்தாழ கி.மு. 268 முதல் 232 வரை ஆண்டவன். அவன் பொறித்த பெரும்பாறைக் கல்வெட்டுகள் பதினான்கனுள் இரண்டாவது நமக்கு இன்றியமையாதது. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடுகள் செய்ததையும், மருந்துச் செடிகளையும் கிழங்குகளையும் கனிமரங்களையும் அவை இல்லாத இடங்களுக்குக் கொணர்ந்து நட்டதையும், வழிநெடுகக் கிணறு தோண்டி மரம் வைத்ததையும் அது கூறுகிறது. இவ்வறம் தன் ஆட்சி எல்லைக்குள் மட்டுமன்றி எல்லைக்கு அப்பாலும் நடைபெறுவதாகச் சொல்லிச் சோழர், பாண்டியர், சதியபுதர், கேரளபுதர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை, யவன மன்னன் அந்தியோகன் என்று பெயர்களை அடுக்குகிறது.

பிராமி எழுத்தின் திறவுகோலை ஜேம்ஸ் பிரின்செப் 1837ஆம் ஆண்டளவில் கண்ட பிறகு இக்கல்வெட்டு உலகறியப் படிக்கப்பட்டது. சோழரும் பாண்டியரும் யார் என்பதில் ஐயமில்லை. கேரளபுதர் சேரர் என்பதும் எளிதில் விளங்கிற்று. மூவேந்தரோடு ஒக்க வைத்து எண்ணப்பட்ட நான்காமவர் யார் என்ற வினாவுக்கு மட்டும் நூறாண்டுக்கு மேலாக விடை கிட்டவில்லை. பெயரில் 'சத்தியம்' ஒலிக்கிறது என்பதை வைத்துக்கொண்டு ஒருவர் கோவைப் பக்கத்துச் சத்தியமங்கலத்தைச் சுட்டினார். காஞ்சிக்குச் சத்தியவிரத க்ஷேத்திரம் என்னும் பெயர் உண்மையால் காஞ்சியே என்றார் வேறொருவர். மராட்டிய நாட்டில் 'சாத்புதே' என்னும் குடிப்பெயர் இருக்கிறதே என்றார் இன்னொருவர். சங்கப் பாடல்களில் வாய்மைக்குப் பெயர்பெற்ற கோசரே சதியபுதர் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஒலி ஒற்றுமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டால் ஆய்வு எங்கெல்லாம் அலையும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தகடூர் அதியமான்களே சதியபுதர் என்ற கருத்தைச் சேரர் வரலாறு எழுதிய கே.ஜி. சேஷ ஐயர் முன்வைத்தார். மொழிநூலறிஞர் பர்ரோ அதற்கு மொழியியல் அடிப்படை காட்டினார். அந்த அடிப்படை நம் போன்ற தமிழாசிரியர்க்கு மிக நெருக்கமானது. வடசொற்கள் தமிழுக்கு வரும்போது முதலெழுத்தாகிய சகரம் கெடுவது பழைய வழக்கு. சிராவணம் ஆவணி ஆயிற்று. சமணர் அமணர் ஆயினர். அவ்வாறே 'சதிய' என்பதற்கு நேராகத் தமிழில் நிற்பது 'அதிய'. புத்திரன் என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் மகன். 'மகன்' மருவி 'மான்' ஆகும். சேரமகன் சேரமான் ஆனதுபோல, மலையமகன் மலையமான் ஆனதுபோல, அதியமகன் அதியமான் ஆனான். எனவே கேரளபுதன் சேரமான் என்றால், சதியபுதன் அதியமான். எத்துணைச் செம்மையான வாய்பாடு! ஆனால் வாய்பாடு செம்மையாக இருப்பது வேறு, மெய்ப்பிக்கப்படுவது வேறு. 1981 வரை அது கருதுகோளாகவே நின்றது.

ஒற்றை வரி

திருக்கோவிலூருக்கு மேற்கே, தென்பெண்ணையாற்றை ஒட்டியது ஜம்பை. அவ்வூரின் குன்றை ஆளுருட்டிமலை என்பர். அதிலுள்ள இயற்கைக் குகைத்தளத்தைத் தாசிமடம் என்று ஊரார் வழங்குவர். 1981ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அக்குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த ஒற்றை வரிக் கல்வெட்டைக் கண்டனர். அப்போது அத்துறையின் இயக்குநராக இருந்தவர் இரா. நாகசாமி. வாசகம் இதுதான்: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'.

சதியபுதனாகிய அதியன் நெடுமான் அஞ்சி ஈந்த துறவியர் உறையுள் என்பது பொருள். ஐயத்துக்கு இடமில்லை. நூற்றாண்டுக் காலப் பூசல் ஒரே வரியில் தீர்ந்தது. காஞ்சிக்கு உரியது என்று சிலர் எண்ணிய பட்டம், ஔவை எந்தத் தொண்டைமானிடம் தூது சென்றாரோ அவன் நகருக்கு உரியதன்று, அவரை அனுப்பியவனுக்கே உரியது என்று ஆயிற்று.

இவ்வரியைத் தமிழ் படித்தவர் மெல்லப் படிக்க வேண்டும். ஆறு சொற்களில் முதற்சொல் ஒன்றே வேற்றுமொழி. 'ஸதியபுதோ' என்பதிலுள்ள ஸகரம் தமிழ் நெடுங்கணக்கில் இல்லாதது. இறுதி ஓகாரம் பிராகிருதத்தில் ஆண்பால் எழுவாயைக் காட்டும் ஈறு. எஞ்சியவை ஐந்தும் தூய தமிழ். அசோகனின் எழுத்தர் வழங்கிய வடிவத்தை, வேற்றெழுத்தோடும் வேற்று ஈற்றோடும் அப்படியே தன் பெயருக்கு முன் நிறுத்திக்கொண்டான் தகடூர்த் தலைவன். அதை அடுத்தே தன் இயற்பெயரைத் தமிழில் வைத்தான். ஔவையாரும் பிற புலவரும் அவனை அதியர் கோமான் என்பர், அஞ்சி என்பர், நெடுமான் அஞ்சி என்பர். சதியபுதன் என்று ஒருவரும் பாடவில்லை. அப்பட்டம் பாணர் கூடும் முற்றத்துக்கு உரியதாக இருக்கவில்லை. வடமொழிப் பழக்கமுடைய துறவியரும் வணிகரும் படிக்கும் கல்லுக்கு உரியதாக இருந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இன்னொன்று. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் காணும் குறிப்புகளைப் பிற்காலத்தார் தொகுத்தபோது சேர்த்தவை என்று ஐயுறுவது ஆராய்ச்சியாளர் வழக்கம். அது தேவையான ஐயமே. ஆயினும் அக்குறிப்புகளில் வரும் 'அதியமான் நெடுமான் அஞ்சி' என்னும் மூன்றடுக்குப் பெயர் கல்லிலும் அதே வரிசையில் இருக்கிறது. தொகுத்தவர் கையில் இருந்தது வெறும் கற்பனையன்று, ஏதோ ஒரு மெய்யான மரபு என்பதை இந்த இடத்திலேனும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

தகடூரான் கோவலூருக்கு ஏன் வந்தான்?

கல்வெட்டு பெயரைத் தந்தது. கூடவே ஒரு புதிரையும் தந்தது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஜம்பை அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே, திருக்கோவிலூர் வட்டாரத்தில் இருக்கிறது. அது மலையமான் திருமுடிக்காரியின் நிலம். காரியைக் கோவலூர்த் தலைவனாகவும் பெண்ணையாற்றுத் துறைக்கு உரியவனாகவும் அகநானூறு காட்டுகிறது. பகைவன் நிலத்துப் பாறையைத் துறவியர்க்கு ஈயும் உரிமை அஞ்சிக்கு எவ்வாறு வந்தது? கல் இதைச் சொல்லவில்லை.

பாடல் சொல்கிறது. புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் அஞ்சி கோவலூரை அழித்த வெற்றியைக் குறிக்கிறார். இச்செய்தி அடிக்குறிப்பில் மட்டும் வருவதன்று. பாடலின் உடலிலேயே வருகிறது. அன்று அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்றும் அதே பாடல் சொல்கிறது. பரணரின் அந்தப் பாடல் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு போர், அதைப் பாடிய பெரும்புலவரின் பாடல் மறைந்தது, அவர் பாடினார் என்று இன்னொரு புலவர் சொன்ன சொல் எஞ்சியது, அப்போர் நடந்த நிலத்திலேயே வென்றவன் பெயரைத் தாங்கிய பாறையும் எஞ்சியது. ஜம்பைக் கல்லைத் தருமபுரியில் கண்டெடுத்திருந்தால் அது பெயரை மட்டுமே உறுதி செய்திருக்கும். கோவலூருக்கு அருகில் கண்டதால் நிகழ்ச்சியையும் உறுதி செய்கிறது. கல்லின் இருப்பிடத்துக்குப் பாடல் காரணம் காட்டுகிறது; பாடலின் செய்திக்குக் கல்லின் இருப்பிடம் சான்றாகிறது. சங்க இலக்கியத்தில் இவ்வாறு இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடம் மிகச் சிலவே.

அதே 99ஆம் பாடல் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டு வந்தவர் என்று புகழ்கிறது. அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடும் 392ஆம் பாடலிலும் இச்செய்தி உண்டு. விண்ணுலகிலிருந்து கொணர்ந்ததாகப் பொருள் கொள்வது உரை மரபு. இன்றைய தாவரவியலார் இனிப்புக் கரும்பின் தாயகம் நியூகினித் தீவு என்பர். அங்கிருந்து கடல்வழியே தென்கிழக்காசியாவுக்கும் இந்தியாவுக்கும் பரவியது. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் தேனீக்கள் இன்றியே தேன் தரும் நாணல் இந்நாட்டில் உண்டு என்று வியந்து எழுதியதாகக் கிரேக்கர் குறித்துள்ளனர். உடனே அதியர் நியூகினிக்குக் கலம் செலுத்தினர் என்று முழங்கும் பேச்சாளர் தோன்றிவிடக் கூடாது! கரும்பு இம்மண்ணுக்கு வந்தேறிய பயிர் என்னும் நினைவு ஒரு குடியின் பெருமையாகப் பாடலில் பதிந்திருக்கிறது. பாடல் தாங்கும் அளவு அவ்வளவே, அதுவே பெரிது.

ஈத்த

மூன்றாவது செய்திக்கு வருகிறேன். என்னை நெடுநாள் விட்டு நீங்காதது இதுவே. கல்லின் வினைச்சொல் 'ஈத்த' என்பது. குகைக் கல்வெட்டுகளில் கொடைக்கு ஒரே சொல் வழங்கவில்லை. கொடுப்பித்தோன் என்பது ஓரிடத்தில் வரும். இன்ன கல்லை அறுத்தான் என்பது வேறிடத்தில் வரும். ஜம்பையில் ஈதல். அஞ்சி நெல்லிக்கனியைத் தந்ததைப் பாடும் 91ஆம் பாடலை ஔவையார் எந்த வினைச்சொல்லில் முடிக்கிறார் என்று நூலைத் திறந்து பாருங்கள். அங்கும் இதே 'ஈ' என்னும் வினையடி; இதே தகர இரட்டிப்பு. ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் கொள்வோன் நிலைக்கேற்பத் தொல்காப்பியம் பிரித்துக் கூறும் இலக்கணத்தை இங்கு நினைக்கலாம்; தாழ்ந்தோன் இரக்கும்போது வழங்குவது 'ஈ'. புலவர் தம்மைத் தாழ்த்தி அச்சொல்லை வழங்கினார். கல்லில் மன்னன் துறவியர்க்கு அதையே வழங்குகிறான். இலக்கண நூல் வகுத்த வரையறை அரசன் வாயிலில் எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்பது தனியே ஆராயத் தக்கது.

ஆனால் கவனிக்க வேண்டியது, கல் சொல்லும் கொடையை ஔவை சொல்லவில்லை என்பதே. அவர் காட்டும் அஞ்சி சிறிதளவு கள் இருந்தால் அவருக்கே தருபவன். மிகுதியாக இருந்தால் அவர் பாடத் தானும் உடனுண்டு மகிழ்பவன். ஊனும் சோறும் எல்லோர்க்கும் ஆக்குபவன். குகையில் கற்படுக்கையில் துயின்று நோன்பு நோற்கும் துறவியர்க்கு அவன் இடமளித்தான் என்ற செய்தி அவர் பாடல்களில் எங்கும் இல்லை. புறநானூற்றில் மட்டும் ஔவையார் பாடியன 33. அவற்றுள் பெரும்பகுதி அஞ்சியைச் சூழ்ந்தவை. அவ்வளவு நெருங்கிப் பழகியவர் பாடாத ஒன்றைக் கல் பேசுகிறது. இத்துறவியர் சமணராதல் கூடும். தமிழகத்தின் ஏனைய குகைத்தளங்கள் பெரும்பாலும் அவர்க்கே உரியவை. போளூரை அடுத்த திருமலைக் கல்வெட்டு இக்கருத்துக்கு வலிமை தருகிறது. சோழர் காலத்தின் பிற்பகுதியில் தகடூர் அதியமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள் என்பவன், தன் முன்னோனாகிய எழினி நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்களை அச்சமணத் தலத்தில் பழுதுபார்த்து மீட்டும் நிறுவினான் என்று அது கூறுகிறது. அக்கல்வெட்டு எழினியைச் சேர மரபினனாகச் சொல்வது வேறொரு சிக்கல். அஞ்சியும் சேரரைப்போலப் பனம்பூ மாலை அணிந்தவன் என்பதை 99ஆம் பாடலே குறிக்கிறது; ஆயினும் அவன் நகரை அழித்தவன் ஒரு சேரன்.

பாணர்க்குக் கள்ளும் அமணர்க்குக் குகையும் ஒரே கை தந்தது. பாடலை மட்டும் படித்தவன் ஒரு பாதியை அறிவான். கல்லை மட்டும் படித்தவன் மறுபாதியை அறிவான். புலவர் எதைப் பாடினார் என்பதோடு எதைப் பாடாது விட்டார் என்பதும் வரலாற்றுக்கு வேண்டும்.

காலத்தைப் பற்றிச் சில சொல்

இங்கே நண்பர்கள் சிலர் என்னோடு மாறுபடுவர் என்பது தெரியும். அசோகன் கல்வெட்டில் சதியபுதன் வருகிறான். ஜம்பையில் சதியபுதனாகிய அஞ்சி வருகிறான். ஆகவே அஞ்சியும் ஔவையும் அசோகன் காலத்தவர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டினர் என்று மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்கிறோம். அசோகன் குறித்தது ஒரு குடியை. ஒரு தனி மனிதனை அன்று. சோழர், பாண்டியர் என்பன போன்றே அதுவும் குடிப்பெயர். குடிப்பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. ஐராவதம் மகாதேவன் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் எழுத்தமைதி கொண்டு ஜம்பைக் கல்வெட்டைக் கி.பி. முதல் நூற்றாண்டளவில் வைத்தார். அக்கணிப்பை ஏற்றால் அசோகனுக்கும் அஞ்சிக்கும் இடையே சுமார் முந்நூறு ஆண்டு இடைவெளி. அவ்வளவு காலத்துக்குப் பின்னும் அந்தப் பழம்பட்டத்தை ஒரு குடி மறவாது தாங்கியிருந்தது என்பதுதான் எனக்கு அசோகன் காலப் பெருமையைவிட வியப்பானது. நம் புலவரைச் சில நூற்றாண்டு முன்னே தள்ளினால் அவர் பாட்டின் சுவை கூடிவிடாது.

பெயர் ஒன்றாயின் ஆள் ஒருவனே என்று கொள்ளும் அவசரமும் ஆகாது. மதுரையை அடுத்த மாங்குளம் குகைக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பெயர் தெளிவாக இருக்கிறது. அதனால் அவன் தலையாலங்கானத்துச் செருவென்றவனோ, கோவலன் வழக்கில் தவறிழைத்தவனோ ஆகிவிட மாட்டான். எழுத்தமைதி அவனை மிகவும் முற்பட்டவனாகக் காட்டுகிறது. அஞ்சியின் பகைவன் திறத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். தகடூரை எறிந்தவன் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் பாடியது அவனை. கரூருக்கு அருகே புகலூர் ஆறுநாட்டார்மலைக் குகையில் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. இதுவும் ஓர் அமணருக்குச் செய்த உறையுள் கொடையே. இம்மூவரையும் பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவரோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை கவர்ச்சியானதுதான். அப்படியானால் தகடூர்ப் போரின் இரு தரப்பாரும் தத்தம் குகையில் பெயர் பொறித்திருக்கின்றனர் என்றாகும்! ஆனால் ஒன்பதாம் பத்தின் பதிகம் இளஞ்சேரல் இரும்பொறையைக் குட்டுவன் இரும்பொறையின் மகன் என்கிறது. பெருஞ்சேரல் இரும்பொறையின் மகன் என்று சொல்லவில்லை. புகலூர் எழுத்தும் ஜம்பை எழுத்தைவிடப் பிற்பட்டதாகவே மதிக்கப்படுகிறது. ஆகவே புகலூரில் குடி மெய்ப்பட்டது. ஆட்கள் ஐயத்துக்கு உரியவர்கள். ஜம்பை தரும் உறுதியைப் புகலூர் தரவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது ஜம்பைக்குச் செய்யும் குறை.

கல்லிலும் காலம் பார்க்க வேண்டும். கோவலூரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டு ஒன்று கபிலரைப் பேசுகிறது. பாரியின் மகளை மலையர்க்கு அளித்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்றும், அவ்விடம் கபிலக்கல் என்றும் சொல்கிறது. புறநானூற்று 236ஆம் பாடலின் அடிக்குறிப்போ, பாரி மகளிரைப் பார்ப்பார்ப்படுத்தியபின் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. கல்லில் இருப்பதனாலேயே முன்னது மெய், ஓலையில் இருப்பதனாலேயே பின்னது ஐயம் என்று எவரும் சொல்லார். சோழர் காலக் கல் கபிலர் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் வெட்டப்பட்டது. கபிலரின் முடிவுக்கு அது சான்றன்று. ஆனால் அவ்வூர் மக்கள் அவரை எப்படி நினைவிற் போற்றினர் என்பதற்கு முதல்தரமான சான்று. சிலப்பதிகாரத்தில் பத்தினி விழாவுக்கு வந்ததாகக் கூறப்படும் இலங்கைக் கயவாகுவையும் மகாவம்சத்துக் கஜபாகுவையும் ஒருவனாக்கிச் சங்க காலத்தின் தூணாக நட்டனர், வி. கனகசபை முதலான அறிஞர். செங்குட்டுவனைப் பற்றியோ பத்தினிக் கோட்டத்தைப் பற்றியோ மகாவம்சம் வாய் திறக்கவில்லை. அத்தூணைக்காட்டிலும் ஜம்பையின் ஆறு சொற்கள் எனக்கு உறுதியாகத் தெரிகின்றன.

நடுகல்

அஞ்சி மாண்டபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல்கள் மூன்று நான்கு இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் அவனுக்கு நடுகல் எடுத்து, மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் வடித்த கள்ளைப் படைக்கின்றனர். நாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ள மறுத்திருப்பவன் இந்தச் சிறு படையலை ஏற்பானோ என்று அவர் நோகிறார். இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அறையில் ஓர் அமைதி விழும். அதைக் கலைத்து நடுகல் என்றால் என்ன என்று விளக்க வேண்டிய பொறுப்பு ஆசிரியருடையது.

நெடுங்காலம் வரை நமக்குக் கிடைத்திருந்த எழுத்துடை நடுகற்கள் செங்கம், தருமபுரிப் பகுதிகளைச் சார்ந்த, பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்களே. சங்கப் பாடல்கள் எழுத்துடை நடுகற்களைப் பேசுகின்றனவே, அவை எங்கே என்ற வினா எழுந்துகொண்டேயிருந்தது. அதைக் கொண்டே பாடல்களின் காலத்தைக் கீழே இறக்க முனைந்தவர்களும் உண்டு. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். ஒன்றில் கூடல் ஊர் ஆகோளில் வீழ்ந்த ஒருவன் பெயர் இருக்கிறது. ஆகோள்! தொல்காப்பியம் வெட்சித் துறைகளுள் ஒன்றாக எண்ணும் சொல். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் துறைப்பெயர் என்றே மாணவர் நினைத்திருந்த சொல், ஒரு மனிதன் இறந்த காரணமாகக் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. இலக்கண நூலார் வெறுங்கற்பனையில் துறை வகுக்கவில்லை. மக்கள் வாயில் வழங்கிய சொல்லையே எடுத்தாண்டார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தகடூர் நாட்டின் நடுகற்கள் பலவற்றைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் காணலாம். ஆநிரை கவர்ந்து மாண்டோர், மீட்டு மாண்டோர், புலியோடு பொருது மாண்டோர் என அவற்றில் எத்தனையோ பெயரிலித் தலைவர்களும் பெயருடைய வீரர்களும் வில்லும் வாளும் ஏந்தி நிற்கின்றனர். அவை யாவும் அஞ்சிக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவை. பீலி சூட்டிக் கள் உகுத்த அந்தக் கல்லை இதுவரை ஒருவரும் கண்டதில்லை.